பத்தொன்பதாம் பக்கத்தில் தொடங்கிய ஆட்டம்

நானும் அக்காவும் எழுதி வெளியிட்ட தமிழ் ரோல்பிளே ஆட்டப் புத்தகத்தின் முதல் பதிப்பு வெளியான நான்கு மாதங்களில் 84 பேர் அதை வாங்கியிருந்தார்கள். விற்பனைப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு எழுதி, "விளையாடினீர்களா? எப்படிப் போனது?" என்று கேட்டோம். 11 பேர் பதில் எழுதினார்கள். ஓவியங்கள் அருமை என்றார்கள். தமிழில் இப்படி ஒன்று வந்ததே மகிழ்ச்சி என்றார்கள். ஒருவர் தன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். விளையாடிப் பார்த்தவர்கள் ஒரே ஒரு குழுவினர்தான். அவர்களும் பாதியில் நிறுத்திவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள். மறைக்காமல் அதைச் சொன்னதற்கு அவர்களுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

விற்ற ஆட்டத்தை யாரும் ஆடவில்லை என்றால் நாங்கள் விற்றது என்ன? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஓராண்டில் நாங்கள் கண்டுபிடித்ததையும் திருத்தியதையும் இங்கே எழுதிவைக்கிறேன். பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் ஒரு ரோல்பிளே ஆட்டத்தை எழுதிச் சொந்தமாக வெளியிட நினைப்பவர் யாராவது இருந்தால், எங்களுக்கு ஆன செலவில் பாதியாவது அவருக்கு மிச்சமாகும்.

ஆட்டமும் ஆட்களும்

ரோல்பிளே ஆட்டம் என்றதும் கணினி விளையாட்டை நினைப்பவர்களே அதிகம். இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுவது. ஒருவர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் பகடை உருளும். இந்த வகையின் தாய் என்று சொல்லப்படும் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974இல் வந்தது. அதுவும் சொந்த வெளியீடுதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கியதை வெளியிட, கைகாக்ஸ் நண்பரோடு சேர்ந்து சிறிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கி 1,000 பெட்டிகள் போட்டார். ஆகவே வீட்டிலிருந்து வெளியிடுவது இந்தத் துறையில் புதுமை ஒன்றும் இல்லை, பிறந்ததே அப்படித்தான்.

எங்கள் ஆட்டத்தின் பெயர் 'கூண்டு இறங்கும் நேரம்'. களம் கோலார் தங்கவயல்; கூண்டு என்பது சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் லிஃப்ட். நான் அல்சூரில் குடியிருக்கிறேன். ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதுவது என் வேலை. ஓவியமும் பக்க வடிவமைப்பும் என் பெரியப்பா மகளுடையவை. அக்கா இன்னும் தங்கவயலில்தான் இருக்கிறாள். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வந்து, இரவில் திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்களில் அவளும் ஒருத்தி. சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்ட பிறகு அந்த ஊரின் பிழைப்பே அந்த ரயிலில்தான் ஓடுகிறது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கியது முதல் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள்தான் அங்கே பாறையை உடைத்தவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் கொண்டது. பெரியப்பா அதில் இறங்கியவர்.

எங்கள் முதல் வரைவில் புதையல் இருந்தது. மூடிய சுரங்கத்தில் மறந்துபோன தங்கக் கட்டிகளைத் தேடிப் போகும் நான்கு பேர் என்பது கதை. பெரியப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தங்கத்தை யார் பார்த்தது? நாங்கள் பார்த்ததெல்லாம் கல்" என்றார். ஒரு டன் கல்லை உடைத்து அரைத்தால் சில கிராம் தங்கம் தேறும். அது ஆலையில் நடக்கும் சங்கதி. கீழே இருப்பவனுக்குக் கல், வெக்கை, இருட்டு, பக்கத்தில் நிற்கும் ஆள் ஆகியவை மட்டுமே உண்டு. புதையல் போயிற்று. ஷிஃப்ட் முடிவில் எல்லோரும் கூண்டில் ஏறி மேலே வர வேண்டும் என்பது மட்டும் ஆட்டமாக நின்றது.

வெளியிட்ட விதம்

இரண்டு தளங்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். டிரைவ்த்ரூஆர்பிஜி இந்தத் துறையின் பழைய சந்தை. அங்கே மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டால் விலையில் 70 சதவீதம் நமக்கு, மற்ற இடங்களிலும் விற்றால் 65. கேட்பவருக்கு மட்டும் ஒவ்வொரு படியாக அச்சிட்டு அனுப்பும் வசதியும் அங்கே உண்டு. லீஃப் கோர்கோரன் 2013இல் தொடங்கிய இட்ச் டாட் ஐஓ வேறு மாதிரி. தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவரே முடிவு செய்துகொள்ளலாம். கை வைக்காமல் விட்டால் 10 சதவீதம். குறைந்தபட்ச விலையை வைத்துவிட்டு அதற்கு மேல் வாங்குபவர் விருப்பம் என்று விடலாம். பணம் கொடுக்க முடியாதவர்களுக்கென்று சில இலவசப் படிகளை ஒதுக்கிவைக்கும் பழக்கமும் அங்கே வேரூன்றியிருக்கிறது. நாங்கள் இட்ச்சுக்குப் போனோம். மூன்று டாலர் விலை. தங்கவயல் பிள்ளைகளுக்கென்று 40 இலவசப் படிகள்.

கூட்டு நிதி திரட்டலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். சிறு புத்தகங்களுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் 2019 பிப்ரவரியில் தொடங்கிய 'ஜீன் குவெஸ்ட்' உலகெங்கும் இப்படிப்பட்ட ஆட்டங்களுக்குப் பெரிய வாசலாக இருந்திருக்கிறது. ஆனால், அங்கே திட்டம் தொடங்க அனுமதியுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. பேச்சு அதோடு முடிந்தது.

உரிமை விஷயத்திலும் தடுமாறினோம். பகடையில் என்ன விழுந்தால் என்ன நடக்கும் என்ற யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை விளக்கி எழுதிய சொற்களுக்கு உண்டு. வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010இல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' இரண்டு பகடைகளைக் கூட்டி மூன்று விதமான முடிவுகளைத் தரும் முறையைப் பரவலாக்கியது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் சிக்கல். அந்த யோசனையை எடுத்துக்கொண்டு சொற்களை முழுக்க நாங்களே எழுதினோம். எங்கள் விதிகளை யார் வேண்டுமானாலும் பெயர் குறிப்பிட்டு எடுத்தாளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டோம். 2023 ஜனவரியில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' உரிமத்தை இறுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வெளியாகிப் பெரும் கொந்தளிப்பு எழுந்து, அந்த மாதம் 27ஆம் தேதி அடிப்படை விதிகளையே கிரியேட்டிவ் காமன்ஸில் விட நேர்ந்த கதையைப் பார்த்த பிறகு, வேறெதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

தமிழ் எழுத்து தந்த தொல்லை தனி அத்தியாயம். அக்கா பழகிய பக்க வடிவமைப்பு மென்பொருளில் உரையை ஒட்டியதும் 'கொம்பு' எல்லாம் இடம் மாறி நின்றது. 'கொ' என்று இருக்க வேண்டிய இடத்தில் ககரம், அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு ஒற்றைக் கொம்பு, கடைசியில் ஒரு கால். புத்தகத்தின் பெயரிலேயே 'நே' இருப்பதால் அட்டையும் தப்பவில்லை. தமிழில் கொம்பு தட்டச்சில் பின்னால் வந்தாலும் பார்வைக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிற உறுப்பு அந்த மென்பொருளில் இல்லை. இரண்டு வாரம் போராடிவிட்டு ஸ்கிரைபஸ் 1.6க்கு மாறினோம். இலவசம்; கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன. எழுத்துரு முக்த மலர். மும்பையின் எக் டைப் உருவாக்கியது, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கிடைப்பது. இத்தனை சிரமப்பட்டு எழுத்தைச் சரிசெய்த மகிழ்ச்சியில், புத்தகமே சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டோம். அங்கேதான் சறுக்கல்.

வாயைத் திறக்காமல் ஒரு மாலை

வெளியிடுவதற்கு முன் நாங்கள் ஆடிப் பார்க்காமல் இல்லை. பதினான்கு முறை ஆடினோம். பதினான்கும் நன்றாகப் போயின. ஒவ்வொன்றையும் நடத்தியது நான் அல்லது அக்கா.

"நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், ஆட்டம் ஓடியது. புத்தகத்தை எத்தனை பேருக்கு விற்றாலும் உன்னைக் கூடவே பார்சல் செய்து அனுப்ப முடியாது தம்பி" என்றாள் அக்கா, அந்த 11 பதில்களையும் படித்துவிட்டு.

எழுதியவர் இல்லாத இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் புத்தகத்தை மட்டும் வைத்து ஆடிப் பார்ப்பதை இந்தத் துறையில் குருட்டுச் சோதனை என்பார்கள். வெளியீட்டுக்கு முன் செய்ய வேண்டியதை நான்கு மாதம் கழித்துச் செய்தோம். ராமமூர்த்தி நகரில் ஒரு வீடு. நண்பரின் நண்பர்கள் ஐந்து பேர். எல்லோரும் தமிழர்கள், மூன்று பேர் பெங்களூரிலேயே பிறந்தவர்கள். பிடிஎஃப் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு, வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்து ஒரு மூலையில் உட்கார்ந்தோம். என் கையில் நோட்டு. அக்காவின் கையில் எதுவும் இல்லை, ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

முதல் தடங்கல் கோப்பைத் திறந்ததும் வந்தது. நாங்கள் இரண்டு பத்தி வைத்து ஏ4 அளவில் அழகாக வடிவமைத்திருந்தோம். ஐந்து பேரும் படித்தது கைபேசியில். விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளி, அடுத்த பத்திக்கு மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கி, மூன்றாம் பக்கம் முடிவதற்குள் ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. என் தொழிலே கையேடு எழுதுவது. வெட்கமாக இருந்தது.

அடுத்தது ஒரே ஒரு சொல். ஆட்டத்தை நடத்துபவரை என்னவென்று அழைப்பது என்று ஆரம்பத்தில் நிறைய யோசித்திருந்தோம். 'நடத்துநர்' என்றால் தோளில் பையும் கையில் டிக்கெட்டும் நினைவுக்கு வருகின்றன. அதனால் 'கதைசொல்லி' என்று வைத்தோம். இலக்கிய வாடையும் இருந்தது. அன்று கதைசொல்லியாக இருக்க ஒப்புக்கொண்ட பெண் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினாள். நன்றாகவே சொன்னாள். சுரங்கத்தின் வாய், சங்கு ஊதும் ஓசை, கூண்டின் கம்பி எல்லாம் வந்தன. இருபது நிமிடம் சொன்னாள். மற்ற நான்கு பேரும் கதை கேட்டார்கள்; பிறகு கைபேசியைப் பார்த்தார்கள். அவள் செய்ததில் ஒரு தவறும் இல்லை. கதைசொல்லி கதை சொல்வார், கேட்பவர்கள் கேட்பார்கள், தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதானே பொருள். எங்கள் ஆட்டத்தில் அந்த ஆள் செய்ய வேண்டியது வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு 'நீ என்ன செய்கிறாய்?' என்று கேட்பது. அதற்குப் பெயர் சுரங்கத்திலேயே இருந்தது. மேஸ்திரி. இரண்டாம் பதிப்பில் அந்த ஒரு சொல்லை மாற்றினோம். நடத்துபவர் நீளமாகப் பேசுவது அதிலேயே பாதி குறைந்தது.

பிறகு பகடை. எங்கள் விதிக்கு ஆறு முகப் பகடை இரண்டு வேண்டும். அந்த வீட்டில் ஒரு லூடோ பெட்டி இருந்தது. அதில் பகடை ஒன்றுதான். ஒன்றையே இரண்டு முறை உருட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்குச் சொல்ல அனுமதி இல்லை. வீட்டுக்கார அம்மா பூஜை அறை அலமாரியிலிருந்து பித்தளைத் தாயக்கட்டை இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருந்து ஆடுவதற்காக வைத்திருந்தவை. நீளக் கட்டை, நான்கு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. எங்கள் விதியில் 7 முதல் 9 வரை என்று எழுதியிருக்கிறது. இந்தக் கட்டையில் 7 விழவே விழாது. ஐந்து பேரும் சற்று நேரம் விழித்தார்கள். பிறகு ஒரு பையன் சும்மா உருட்டிப் பார்த்தான். தாயம் விழுந்தது. எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். கீழ்வீட்டிலிருந்து யாரோ கூரையைத் தட்டினார்கள்.

அதுவரை அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் எழவில்லை என்று என் நோட்டில் இருக்கிறது.

ஆனாலும் ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. எங்கே தொடங்கியது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். பாத்திரங்களைப் பற்றித் தேடிப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்த ஒருத்தி 19ஆம் பக்கத்தில் வந்து நின்றாள். 'கூடுதல் விதிகள், விரும்பினால் பயன்படுத்தலாம்' என்ற தலைப்பின் கீழ் நாங்கள் போட்டிருந்த ஒரு அரைப் பக்கம். உங்கள் பாத்திரம் மற்றவர்களை என்ன முறை சொல்லி அழைக்கும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. அண்ணன், மாமா, மச்சான், சித்தப்பா, தம்பி, ஐயா, மேஸ்திரி என்று ஒரு சிறிய பட்டியல். அவள் நிமிர்ந்து எதிரே இருந்தவனைப் பார்த்து, "நான் உங்களை என்னவென்று கூப்பிடுவது?" என்று கேட்டாள்.

அவன், "அண்ணன் என்றே கூப்பிடு" என்றான்.

"அப்படியானால் இவர் உங்களுக்கு மச்சான் என்கிறாரே, எனக்கு என்ன ஆகிறார்?"

பிடித்துக்கொண்டது. யார் யாருக்கு என்ன முறை, யார் யாருடைய தங்கையைக் கட்டியவர், யார் முறை சொல்லாமல் வெறும் 'ஐயா' என்று விலகி நிற்கிறார், ஏன் நிற்கிறார். ஒருவன் தன் பாத்திரம் மற்றவனை முன்பு 'மாமா' என்று அழைத்துக்கொண்டிருந்ததாகவும் இப்போது பெயர் சொல்லி அழைப்பதாகவும் சொன்னான். என்ன நடந்தது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். மேஸ்திரி, கதைசொல்லி யாரும் தேவைப்படவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு லைன் வீட்டு வரிசையே அந்த அறையில் எழுந்துவிட்டது. அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். எங்கள் புத்தகம் 19ஆம் பக்கத்தில் தொடங்குகிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. அதற்கு முன்னால் இருந்த பதினெட்டுப் பக்கமும் முன்னுரை, வரலாறு, விதி விளக்கம், நன்றி.

நாங்கள் நடத்திய பதினான்கு ஆட்டங்களிலும் இதைப் புத்தகத்தைப் பார்க்காமலே முதலில் செய்துவிட்டிருக்கிறோம். உட்கார்ந்ததும், "சரி, இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது எங்கள் இருவருக்கும் பழக்கமாக இருந்தது. பழக்கம் என்பதால் அதை விதி என்று நினைக்கவே இல்லை. ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் நாம் செய்வது அதுதானே.

திருத்தியது

இரண்டாம் பதிப்பின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: 'உன் இடப்பக்கம் இருப்பவரை என்ன சொல்லி அழைப்பாய்?' வரலாறு பின்னால் போயிற்று. நன்றி கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று.

முறையையே ஆட்டத்தின் இயந்திரமாக்கினோம். அண்ணன் என்று அழைத்து உதவி கேட்டால் அவர் முதல் முறை மறுக்கக் கூடாது. ஆனால் அடுத்த முறை அவர் சொல்வதைத் தம்பி தட்ட முடியாது. மச்சான் முறைக்காரரைக் கேலி செய்யலாம். கேலி நன்றாக இருந்தால் அவருடைய பயம் ஒரு படி குறையும். ஐயா என்று அழைப்பவரிடம் எதுவும் கேட்க முடியாது, எதுவும் கொடுக்கவும் வேண்டியதில்லை. ஆட்டத்தின் நடுவில் அழைக்கும் முறை மாறினால், 'நீங்கள்' என்பது 'நீ' ஆனாலோ, 'மாமா' என்பது வெறும் பெயர் ஆனாலோ, அப்போது எல்லோரும் நிறுத்திவிட்டு அந்த இருவரையும் பேச விட வேண்டும். இந்தக் கடைசி விதியை எழுதியவள் அக்கா. புத்தகத்திலேயே நல்ல விதி அதுதான் என்பது என் எண்ணம்.

தமிழ் எங்களுக்குச் செய்த உபகாரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கில விதிநூல்களில் ஆடுபவருக்கும் பாத்திரத்துக்கும் 'யூ' என்ற ஒரே சொல்தான். யாரைக் குறிக்கிறார்கள் என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் ஆடுபவரை 'நீங்கள்' என்றும் பாத்திரத்தை 'நீ' என்றும் எழுதினோம். 'நீங்கள் கட்டையை உருட்டுங்கள். நீ இருட்டில் நிற்கிறாய்.' படித்தவர் யாரும் அதில் குழம்பவில்லை. ஆணா பெண்ணா என்ற சங்கடமும் இதில் தீர்ந்தது. நீ என்பதற்குப் பால் இல்லை.

பகடைக்குப் பதில் தாயக்கட்டை வைத்தோம். ஒரு தாளில் பதினாறு கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தேன். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது பதினாறில் ஒன்று. ஆறும் பதினாறில் ஒன்று. தாயமும் ஐந்தும் இரண்டிரண்டு. இவை நான்கும் வீட்டு ஆட்டத்தில் மறுபடி உருட்ட உரிமை தருபவை. கூட்டினால் பதினாறில் ஆறு. இவை விழுந்தால் நினைத்தது நடக்கும் என்று வைத்தோம். மூன்றுக்கு நான்கு வழி, நான்குக்கு மூன்று வழி. இந்த ஏழும் நடக்கும், ஆனால் விலை உண்டு. இரண்டு விழ மூன்று வழி, அது தோல்வி. பழைய இரட்டைப் பகடையில் தோல்வி 36இல் 15. ஆக எங்கள் சுரங்கம் திடீரென்று ரொம்பவே இரக்கமுள்ளதாகிவிட்டது. அதைக் கடுமையாக்க வழக்கத்தையே பயன்படுத்தினோம். தாயமோ ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் இன்னொரு நன்மைக்காக மறுபடி உருட்டலாம், கட்டாயம் இல்லை, உருட்டி இரண்டு விழுந்தால் கிடைத்ததும் போகும். தாயம் விழுந்த கையோடு கட்டையைக் கீழே வைக்க மனம் வருகிறவர் குறைவு. கட்டை இல்லாத வெளிநாட்டவர்களுக்கு நான்கு முகப் பகடை இரண்டு போதும். நான்கை வெறுமையாக எண்ணிக்கொண்டால் கணக்கு இம்மியும் மாறாது.

கைபேசிக்கென்று ஒற்றைப் பத்தியில் தனிக் கோப்பு, ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ள ஒரே ஒரு ஏ4 தாள். அவ்வளவுதான் வடிவமைப்பில் செய்தது.

காசு

84 பேரில் இந்தியாவிலிருந்து வாங்கியவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆர்வம் இல்லை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பலர் வாங்க முயன்று பணம் போகாமல் திரும்பியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி புதிய வங்கி அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வெளிநாட்டுத் தளத்தில் பயன்படுத்த வேண்டுமானால் நாமே அதை இயக்க வேண்டும். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. கோலாரில் இருக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் இருப்பது யூபிஐ. மூன்று டாலருக்காக யார் வங்கிச் செயலியில் புகுந்து வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறப்பார்கள்?

தீர்வு எளிதாக இருந்தது. இட்ச்சில் பதிவிறக்கச் சாவிகளை நாமே உருவாக்கி யாருக்கும் கொடுக்கலாம். யூபிஐயில் 149 ரூபாய் அனுப்புகிறவருக்கு ஒரு சாவியை அனுப்பினோம். இரவு பதினொரு மணிக்குப் பணம் வரும்; சாவி காலையில்தான் போகும். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுப் பணத்துக்கு அமெரிக்க வரிப் படிவம் ஒன்றை ஆரம்பத்திலேயே நிரப்ப வேண்டும். பான் எண்ணைக் கொடுத்து இந்தியாவில் வசிப்பவர் என்று காட்டினால், உரிமைத் தொகையில் அங்கே பிடிக்கும் வரி 30 சதவீதத்திலிருந்து ஒப்பந்தப்படி 15 ஆகக் குறையும். சலிப்பான வேலை. தள்ளிப்போட்டால் பிறகு தேடிப்பிடித்துச் செய்ய வேண்டியிருக்கும்.

வந்த பணத்தில் சுல்தான்பேட்டையில் 100 படி அச்சிட்டோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளுக்கு நடுவில் ஒரு சிறிய அச்சகம். நடுவில் கம்பி அடித்துக் கட்டுவதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எங்களிடம் 34 இருந்தன. இரண்டு பக்கம் மிஞ்சியது. அதற்குள் டொராண்டோவிலிருந்து ஒரு குழு எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆட்டம் இரண்டு இரவு ஓடியதாம். பட்டியலில் 'மச்சாள்' இல்லையே என்று கேட்டிருந்தார்கள். அத்தை மகளை, மாமன் மகளை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். மச்சான் இருக்கும்போது மச்சாள் இல்லாத பட்டியல் என்ன பட்டியல். மிஞ்சிய ஒரு பக்கத்தில் மச்சாளைச் சேர்த்து முறைப் பட்டியலைப் பெரிதாக்கினோம். அவரவர் ஊர் வழக்கை எழுதிக்கொள்ள நான்கு காலி வரிகளும் விட்டோம். இன்னொன்றில் அக்கா கூண்டை வரைந்தாள்.

முதல் படி பெரியப்பாவுக்குப் போனது. அவர் ஒருநாளும் எங்களோடு ஆடியதில்லை, "கீழே போய் வந்தவனுக்கு விளையாட்டா?" என்பார். அன்று புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து கேள்வியைப் படித்தார். பிறகு பின்பக்கம் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் காலி வரிகளில் எழுதத் தொடங்கினார். அவரோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முறை: மாமா, மச்சான், சித்தப்பா, அண்ணன், இன்னொரு மாமா. நான்கு வரி போதவில்லை. அட்டையின் உள்பக்கத்துக்குப் போனார்; அங்கே அக்கா வரைந்த கூண்டின் மேலேயே எழுதினார்.

அடுத்த அச்சில் காலி வரிகளைப் பன்னிரண்டாக்கியிருக்கிறோம். கூண்டுப் படம் சிறிதாகிவிட்டது என்று அக்காவுக்கு வருத்தம்தான்.